எட்டு மடங்கு தண்ணீர்: ஆறில்லாத ஊரும் ஆற்றுக்கு எழுதின சட்டமும்

எங்கட நண்பர் ஒருத்தர் போன வருசம் வீடு கட்டத் தொடங்கினார். இரண்டு பரப்புக் காணி. அத்திவாரம் வெட்ட வந்த மேசன் அண்ணை முதலில் கேட்டது அறை எத்தனை, விறாந்தை எந்தப் பக்கம் எண்டதில்லை. "தம்பி, கிணறு எந்த மூலை, குழி எந்த மூலை?" எண்டுதான் கேட்டார். நண்பர் கிணற்றுக்கு ஒரு மூலையையும் மலக்குழிக்கு அதற்கு நேரெதிர் மூலையையும் காட்டினார். மேசன் மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்தார். குழி வரப்போகிற இடத்துக்குக் கிட்டவே, மதிலுக்கு அந்தப் பக்கம், அயல்வீட்டுக் கிணறு.

"உங்கட கிணறு தப்பீற்றுது தம்பி. அவையின்ர?"

அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இந்த நாட்டில் கழிவுநீருக்குச் சட்டம் இருக்கு, அதிகாரசபை இருக்கு, அனுமதிப்பத்திரம் இருக்கு. அப்ப அந்த மதிலுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற கிணறுகளைப் பற்றி அந்தச் சட்டம் என்ன சொல்லுது? இதைத் தேடி வர்த்தமானியைப் புரட்டினபோது எங்களுக்கு ஓர் எண் தட்டுப்பட்டது. எட்டு. அந்த எட்டின் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறோம். அது யாழ்ப்பாணத்தில் தொடங்கவில்லை, கொழும்பிலும் தொடங்கவில்லை. லண்டனில், அதுவும் ஒரு கிணற்றடியில்தான் தொடங்குது.

கிணறும் குழியும்: லண்டன், 1854

1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் கொலரா பரவியது. சில வாரங்களுக்குள் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். அனேகமானவை புரோட் ஸ்ட்ரீட் தெருவில் இருந்த ஒரு பொதுக் கைப்பம்பைச் சுற்றியே இருந்தன. செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தப் பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. இது பலரும் கேள்விப்பட்ட கதை. இதற்குப் பின்னால் நடந்ததுதான் எங்கட கேள்விக்குக் கிட்டவாக வருகிறது.

அந்தத் தெருவின் 40ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். குழந்தையின் துணிகளைக் கழுவிய தண்ணீர் வீட்டின் மலக்குழிக்குள் போனது. பிறகு தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையில் மூன்று அடி இடைவெளிகூட இல்லை எண்டு தெரிந்தது. குழியின் செங்கல் சுவர் உக்கிப்போய், உள்ளே இருந்தது கசிந்து மண்ணுக்குள்ளால் கிணற்றுக்குப் போயிருந்தது.

கவனியுங்கோ: நவீன உலகத்தின் கழிவுநீர் வரலாறு தொடங்குகிற இடத்தில் இருப்பது ஆறு இல்லை. ஒரு வீட்டுக் குழியும் அதற்குப் பக்கத்தில் ஒரு குடிநீர்க் கிணறும்.

ஆனால் லண்டன் அந்தக் கிணற்றடியில் நிற்கவில்லை. குழிகளை ஒழித்து, வீட்டுக் கழிவை நிலக்கீழ்க் குழாய்களில் விடும் வேலை 1840களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. குழாய்கள் எல்லாம் தேம்ஸ் ஆற்றில் போய் விழுந்தன. அதே ஆற்றில்தான் குடிநீரும் எடுத்தார்கள். 1858 கோடையில் ஆறு நாறின நாற்றத்தில், கரையில் இருக்கும் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு காசு ஒதுக்க அதிக நாள் எடுக்கவில்லை. ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியியலாளர் நகரத்தின் கழிவையெல்லாம் வழிமறித்துக் கிழக்கே கொண்டுபோகும் பெருங்கால்வாய்களைக் கட்டினார்.

அது சுத்திகரிப்பு இல்லை, இடமாற்றம். நகரத்துக்கு வெளியே கொண்டுபோய், கடல் வற்றுப்பெருக்கில் நீர் இறங்கும் நேரம் பார்த்து, கழிவை அப்படியே ஆற்றில் திறந்துவிட்டார்கள். 1878 செப்டெம்பரில் பிரின்சஸ் அலிஸ் என்ற பயணிகள் கப்பல் அந்த இடத்துக்கு அருகே மோதி மூழ்கியபோது 600 பேருக்கு மேல் இறந்தார்கள். சற்று முன்னர்தான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தவர்களும் அந்தத் தண்ணீரில் விழுந்தபடியால் செத்தார்கள் எண்டு அப்போதே பேச்சு எழுந்தது. கண்காணாத தூரத்துக்கு அனுப்பினால் பிரச்சினை தீராது எண்டு அந்த நாட்டுக்கு விளங்கத் தொடங்கியது.

எட்டு எங்கேயிருந்து வந்தது?

1898இல் பிரித்தானியா கழிவுநீர் அகற்றலை ஆராய ஒரு அரச ஆணைக்குழுவை நியமித்தது. அது 1915 வரை வேலை செய்தது. அதன் எட்டாவது அறிக்கை 1912இல் வந்தது. அந்த அறிக்கையில் இருக்கிற எண்கள்தான் நூறு வருசத்துக்குப் பிறகும் உலகத்தின் பாதிச் சட்டப்புத்தகங்களில் பேய்போல நடமாடுகின்றன.

ஆணைக்குழு கேட்ட கேள்வி எளிமையானது. ஓர் ஆறு எவ்வளவு அழுக்கைத் தாங்கும்? மலக்கழிவு தண்ணீரில் விழுந்தால் பக்டீரியா அதைத் தின்னும். தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைப் பாவிக்கும். ஒட்சிசன் முடிஞ்சால் மீன் சாகும், ஆறு நாறும். ஆகவே அழுக்கை நேரே அளக்காமல், அந்த அழுக்கு எவ்வளவு ஒட்சிசனைத் தின்னும் எண்டு அளந்தார்கள். போத்தலில் நீரை அடைத்து ஐந்து நாள் வைத்து, குறைந்த ஒட்சிசனைக் கணக்கெடுப்பது. இண்டைக்கு எல்லா ஆய்வுகூடத்திலும் பி.ஓ.டி. எண்டு சொல்வது இதைத்தான். தமிழில் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை.

ஆணைக்குழு பார்த்த வரைக்கும் ஒரு சுத்தமான ஆற்றின் பி.ஓ.டி. லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கும். 4ஐத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்கும். சரி, ஊர்க் கழிவை எந்த அளவுக்குச் சுத்தம் செய்து விட்டால் ஆறு 4இல் நிற்கும்? ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு ஆற்றுநீர் இருக்கு எண்டு வைத்தார்கள். எட்டுப் பங்கு ஆற்றுநீரில் 2 வீதம் 16. கழிவுநீரில் 20. கூட்டினால் 36. மொத்தம் ஒன்பது பங்கு. 36ஐ 9ஆல் பிரித்தால் சரியாக 4.

இவ்வளவுதான் அந்தப் புகழ்பெற்ற தரம். பி.ஓ.டி. 20, மிதக்கும் திண்மங்கள் 30, கலக்கிற ஆறு குறைந்தது எட்டு மடங்கு. அறிவியலும் இருக்கு, அனுபவமும் இருக்கு, வசதியான வகுத்தல் கணக்கும் இருக்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கு: வருசம் முழுக்க ஓடுகிற ஓர் ஆறு.

அந்த 20க்குக் கொண்டுவரும் வழியும் விரைவிலேயே கிடைத்தது. 1914இல் மான்செஸ்டரின் டேவிஹியூம் சுத்திகரிப்பு நிலையத்தில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லொக்கெட் என்ற இருவர் ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். கழிவுநீருக்குள் காற்றை ஊதினால் அது மெல்ல மெல்லச் சுத்தமாகும் எண்டது முன்னமே தெரியும். ஆனால் அதற்கு வாரக்கணக்கு எடுத்தது. இவர்கள் செய்தது என்னவெண்டால், ஒவ்வொரு முறையும் அடியில் படிகிற சேற்றை வெளியே கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதுக் கழிவுநீரை விட்டார்கள். அந்தச் சேறு முழுக்க பசியோடிருக்கும் பக்டீரியா. வாரங்கள் எடுத்த வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. தயிருக்கு உறை போடுகிற மாதிரி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. பழசில் கொஞ்சம் வைத்தால்தான் புதுசு கெதியாய் உறையும்.

இண்டைக்கும் பெரும்பாலான நிலையங்கள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. முதலில் கம்பிச் சல்லடை: துணி, பொலித்தீன், குச்சி எல்லாம் அதில் நிற்கும். பிறகு மணல் படியும் தொட்டி. பிறகு காற்றூதும் தொட்டி: பழுப்பு நிறத்தில் கொதிக்கிற மாதிரி இருக்கும், அதுதான் பக்டீரியாவின் சமையலறை. அடுத்து அமைதியான தொட்டி: சேறு கீழே படிய, தெளிந்த நீர் மேலே வழியும். படிந்த சேற்றில் ஒரு பகுதி திரும்ப உறைக்குப் போகும், மிச்சத்தை உலர்த்தி அகற்ற வேண்டும். தெளிந்த நீருக்குக் குளோரின் போட்டு வெளியே விடுவார்கள். கரண்ட் நின்றால் காற்று நிற்கும், காற்று நின்றால் பக்டீரியா சாகும். ஒரு நிலையம் கட்டுவது சுகம், ஓட்டுவதுதான் கஷ்டம் எண்டு சொல்வது இதனால்தான்.

ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும். கழிவுநீரில் இருக்கும் அமோனியா முழுக்க நைத்திரேற்றாக மாறுவதைத்தான் ஆர்டனும் லொக்கெட்டும் வெற்றிக்கு அடையாளமாக எடுத்தார்கள். ஆற்றைப் பொறுத்தவரை அது சரி. நைத்திரேற்று ஆற்றின் ஒட்சிசனைத் தின்னாது.

எண் கப்பலேறி வந்தது

கொழும்புக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நிலக்கீழ்க் கழிவுக்குழாய் போட்டார்கள். குழாயின் கடைசி முனைகள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போகின்றன. லண்டன் முதலில் செய்த மாதிரியே இதுவும் இடமாற்றம்தான், சுத்திகரிப்பு இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு அந்தக் குழாயும் வரவில்லை. இங்கே இருந்தது வாளிக் கக்கூசு. விடியமுன் பின்பக்கச் சின்னக் கதவால் வாளியை எடுத்து, தலையிலும் வண்டிலிலும் சுமந்துபோனவர்கள் இருந்தார்கள். ஊர் அவர்களுடைய உழைப்பை எடுத்துக்கொண்டது, அவர்களைக் கிணற்றடிக்கு விடவில்லை. ஊரின் சுகாதாரத்தைச் சுமந்தவர்களுக்கு ஊரின் தண்ணீர் மறுக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் எங்கட கழிவுநீர் வரலாற்றைச் சொல்ல ஏலாது. வாளி போய்க் குழி வந்தது ஒரு விடுதலைதான். ஆனால் அந்த விடுதலையோடு சேர்த்து, முன்பு ஊருக்கு வெளியே போனதெல்லாம் எங்கட வளவுக்குள்ளேயே இறங்கத் தொடங்கியது.

சட்டம் பிறகு வந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. 1988 திருத்தத்தோடு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திர முறை வந்தது. குறித்துரைக்கப்பட்ட தொழில்கள் எதுவும் இந்தப் பத்திரம் இல்லாமல் கழிவை வெளியே விடக்கூடாது. 1990இல் கழிவுநீருக்கான அளவுகள் வர்த்தமானியில் வந்தன, 2008இல் புதுப்பிக்கப்பட்டன. பெரிய தொழில்களுக்கு அதிகாரசபை பத்திரம் கொடுக்கும். சிறியவற்றுக்கு அந்தப் பொறுப்பு உள்ளூராட்சி சபைகளிடம் விடப்பட்டது. அதாவது உங்கட பிரதேச சபையும் ஒரு சுற்றாடல் காவலாளிதான்.

2008 வர்த்தமானியைத் திறந்தால் முதல் அட்டவணை, உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு. பி.ஓ.டி. 30ஐத் தாண்டக்கூடாது, மிதக்கும் திண்மங்கள் 50ஐத் தாண்டக்கூடாது. ஐந்து நாள் 20 பாகையில் சோதிக்கலாம், அல்லது மூன்று நாள் 27 பாகையில் சோதிக்கலாம். எங்கட வெக்கைக்கு ஏற்றபடி சோதனையை மாற்றினார்கள், சந்தோசம். அட்டவணைக்குக் கீழே குறிப்பு ஒன்று: இந்த அளவுகள் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீரோடு கலக்கும் எண்ட அடிப்படையில் வகுக்கப்பட்டவை. எட்டுக்குக் குறைந்தால் அளவையும் அந்த விகிதத்தில் குறைக்க வேண்டும்.

அங்கேதான் எட்டைக் கண்டோம். 1912இல் இங்கிலாந்து ஆறுகளுக்காகப் போட்ட எட்டு. பழைய கணக்கில் எங்கட 30ஐப் போட்டுப் பார்த்தோம். 16ஓடு 30 சேர 46, ஒன்பதால் பிரித்தால் 5.1. ஆணைக்குழுவே கெடத் தொடங்கும் எண்ட 4ஐத் தாண்டி நிற்குது. ஆனாலும் கண்டியில் கன்னொறுவையில் சுத்திகரிக்கிற நீர் மகாவலிக்குப் போகுது. அங்கே எட்டு மடங்கு எண்டு பேசுவதில் ஒரு பொருள் இருக்கு. ஆறு இருக்கு.

ஆறில்லாத ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடும், கோடையில் தரவையாய்க் கிடக்கும். எங்கட ஆறு நிலத்துக்குக் கீழே இருக்குது. மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்கும் குகைகளுக்கும் உள்ளே தங்கும் மழைநீர்தான் எங்கட குடிநீர். நிலாவரையும் கீரிமலையும் அந்த நிலக்கீழ் உலகம் வெளியே எட்டிப் பார்க்கும் இடங்கள். மேலே மண் பல இடங்களில் மெல்லிய போர்வை மட்டும்தான். அதற்குக் கீழே வெடித்த கல். கழிவு இறங்கினால் வடிகட்ட ஆளில்லை.

இனிச் சட்டத்தைத் திரும்பப் பாருங்கோ. அதே வர்த்தமானியில் கடலோர நீரில் விடும் கழிவுக்குப் பி.ஓ.டி. 100 வரை அனுமதி. பாசனத்துக்காக நிலத்தில் விடும் தொழிற்சாலைக் கழிவுக்கு 250 வரை அனுமதி. ஆற்றுக்கு 30, கடலுக்கு 100, நிலத்துக்கு 250. இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கு: மண் ஒரு நல்ல வடிகட்டி, நிலத்தில் விட்டால் ஆபத்துக் குறைவு எண்டு. ஆழமான மண் இருக்கும் ஊரில் அது நியாயம். சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் அரை ஆள் உயர மண்கூட இல்லாத வளவுகளில், நிலம்தான் மிக இறுக்கமான அளவைக் கேட்கும் இடம். சட்டத்தின் ஏணி எங்கட ஊரில் தலைகீழாய் நிற்குது.

இன்னுமொன்று. இந்த அளவுகள் எல்லாம் ஒரு குழாயின் வாயில் பிடித்துச் சோதிப்பதற்கானவை. பெரிய ஹோட்டலுக்கும் ஆலைக்கும் குழாய் வாய் இருக்கும். அதிகாரி போத்தலோடு வரலாம். எங்கட நண்பரின் இரண்டு பரப்புக் காணியில் குழாய் வாய் எங்கே? வீடு குறித்துரைக்கப்பட்ட தொழில் இல்லை, அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கட்டட அனுமதிக்குப் படம் குடுக்கேக்கை குழியின் இடத்தைக் காட்ட வேண்டும். மலசலத் தொட்டி கட்ட இலங்கைத் தர நியமம் 745 இருக்குது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கலாம். குழி மூடின பிறகு அது கசியுதா எண்டு பார்க்க ஒருத்தரும் வாறதில்லை. ஒரு ஹோட்டலைக் கண்காணிக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஆயிரம் குழிகளை என்ன செய்யிறது?

நாங்கள் ஒரு கைக்கணக்குப் போட்டோம். ஆய்வு இல்லை, கொப்பியில் போட்ட கணக்குத்தான். ஐந்து பேர் இருக்கும் வீடு. ஆளுக்கு நாளுக்கு 110 லீற்றர் கழிவுநீர் எண்டால் வருசத்துக்கு ஏறத்தாழ 200 கன மீற்றர். ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இரண்டு பரப்பில் வருசம் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால் 630 கன மீற்றர் விழும். அதில் மூன்றிலொரு பங்கு நிலத்துக்குள் இறங்குது எண்டு வைத்தால் 210.

அதாவது ஒரு பங்கு கழிவுக்கு ஒரு பங்கு மழை. எட்டு மடங்கு இல்லை, ஒரு மடங்கு. சட்டம் கேட்கும் எட்டு வேணுமெண்டால் அந்த ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து பரப்புக்கு மேல் காணி வேணும். கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். எங்கட தாத்தாமார் காலத்தில் பனங்காணியும் தோட்டமுமாய் அப்படி இருந்த வளவுகள் உண்டு. இப்ப காணியைத் துண்டு துண்டாய்ப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறு, ஒரு குழி.

முன்னர் மனதில் வைக்கச் சொன்ன விசயம் இங்கேதான் வருகுது. குழியில் இருந்து இறங்கும் அமோனியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். ஆற்றுக்கு அது வெற்றி, கிணற்றுக்கு அது நஞ்சு. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுது எண்டு 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். தோட்டத்துக்குப் போடும் உரம் ஒரு காரணம், மலக்குழி இன்னொரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் முதலில் ஆபத்து போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு. இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். "நல்லாக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" எண்ட அம்மம்மாவின் புத்திமதி கொலராவுக்குச் சரி, இதற்குச் சரிவராது.

கிணறு எண்டால் ஆளுக்கொரு தனிச் சொத்து எண்டு நினைத்த எங்களுக்குச் சுன்னாகம் ஒரு பாடம். மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊரே போராடியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, பொறுப்பாளியும் வெளியே இருந்தார். ஆகவே கோபப்பட முடிந்தது. நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது, பொறுப்பாளி நாங்கள்தான். ஆகவே அமைதியாய் இருக்கிறோம்.

என்ன கேட்கலாம்?

பெரிய நிலையம் ஒன்று கட்டினால் எல்லாம் சரி எண்டு நாங்கள் சொல்லவில்லை. சாதாரணமாய் ஓடுகிற நிலையம் பி.ஓ.டி.யைக் குறைக்கும், நைத்திரேற்றை அப்படியே விட்டுவிடும். அதை எடுக்கக் காற்றில்லாத இன்னொரு தொட்டி வேணும். அங்கே வேறு பக்டீரியா நைத்திரேற்றை வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பும். ஆகவே குடாநாட்டில் யார் நிலையம் கட்டினாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பி.ஓ.டி. எத்தனை?" எண்டதோடு நிற்கக்கூடாது. "நைத்திரேற்று எத்தனை? தண்ணீர் எங்கே இறங்குது?" எண்டும் கேட்க வேணும்.

வீட்டளவில் அடி மூடின, கசியாத தொட்டி. அதைக் காலத்துக்குக் காலம் இறைக்கக் கலிபவுசர். அந்தக் கலிபவுசர் கொண்டுபோவதை எங்கே கொட்டுது எண்டு சபையிடம் ஒரு பதில். வருசத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்ததும், கிணற்று நீரில் நைத்திரேற்றுச் சோதனை. ஊர்ச் சனசமூக நிலையம் முன்நின்றால் ஒழுங்கை ஒழுங்கையாய்ச் செய்யலாம். ஸ்னோவிடம் இருந்ததும் ஒரு வரைபடமும் வீடு வீடாய்ப் போகும் பொறுமையும்தான்.

மேசன் அண்ணையின் கேள்விக்குப் பிறகு எங்கட நண்பர் என்ன செய்தார் எண்டு சொல்லவில்லை, இல்லையா? மதிலால் அயல்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அக்கா, உங்கட குழி எந்தப் பக்கம்?" அக்கா சிரித்துக்கொண்டு கையைக் காட்டினா. நண்பர் தன் கிணற்றுக்குக் குறித்திருந்த மூலைக்கு நேராக.

இரண்டு பேரும் ஒரு பின்னேரம் இருந்து படம் கீறினார்கள். நண்பரின் தொட்டி இப்ப காணியின் நடுப்பக்கம், அடியும் கொங்கிரீட். கிணறு இரண்டு வீட்டுக்கும் ஒன்று. செலவு கொஞ்சம் கூட, வீட்டுப் படம் கொஞ்சம் வடிவு குறைவு. எட்டு மடங்கு தண்ணீரை அவர்களால் கொண்டுவர ஏலாது. ஒரு கிணற்றையும் ஒரு குழியையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைக்க ஏலும். 1854இல் புரோட் ஸ்ட்ரீட்டில் அது நடக்கவில்லை.